கிள்ளி வந்த மீன்துண்டு

எனக்கு எழுபத்திரண்டு வயது. வாயில் எல்லாப் பல்லும் இருக்கிறது, ஒன்றுகூடச் சூத்தை இல்லை. குருநகரில் என் வயதுக்காரர் பாதிப்பேர் பொக்கை வாயோடு திரிகிறார்கள். உப்புக்காற்றும் மீனும் தந்த பல் என்று பெருமையடித்துக்கொண்டிருந்தேன். அது பெருமை இல்லை, ஒரு நோயின் அடையாளம் என்று போன வருடம் ஆஸ்பத்திரியில்தான் தெரிந்தது.

இனிப்பு எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது. நத்தார்ப் பலகாரம், வாழைப்பழம், பனங்கட்டி, எது உள்ளே போனாலும் வயிறு புரளும், வேர்க்கும், கை நடுங்கும். தாய் அடித்து வாயில் தீத்திப் பார்த்தாள். அவள் காலிலேயே சத்தி எடுத்தேன். பிறகு விட்டுவிட்டாள். கடலுக்குப் போன காலத்தில் தேத்தண்ணியோடு கடிக்க வள்ளத்தில் பனங்கட்டி தருவார்கள். வாங்கி, அங்காலே திரும்பிக் கடலில் போடுவேன். வேண்டாம் என்று சொன்னால் நையாண்டி பண்ணுவார்கள்.

என் மனுசி அருமைநாயகி கலியாணம் முடித்த இரண்டாம் மாதமே கண்டுபிடித்துவிட்டாள். ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. கறியில் தக்காளி போட முன்னம் எனக்கு வேறாக எடுத்து வைப்பாள். விருந்து வீடுகளில், அதைத் தொடாதே என்று கண்ணால் சொல்லுவாள். யாராவது கேட்டால் "அவருக்கு இனிப்புப் பிடியாது" என்பாள். நாற்பத்தொரு வருடம் அப்படியே போனது. மூன்று வருடத்துக்கு முன் ஒருநாள் காலை கிணற்றடியில் விழுந்தவள் எழும்பவில்லை. தனக்குத் தெரிந்ததை ஒருவருக்கும் சொல்லாமல் போய்விட்டாள். நானும் சொல்லவில்லை. எனக்கே விளங்காத ஒன்றை எப்படிச் சொல்லுவது?

பிறகு நானே சோறு அவித்து, மீன் பொரித்துச் சாப்பிட்டேன். போன வருடம் நாரி பிடித்துக்கொண்டது, இடுப்பை நிமிர்த்த ஏலாது. அடுப்படியில் நிற்க முடியவில்லை. என் மகன் ஜெயசுதன் இதே ஒழுங்கையில் மூன்றாம் வீட்டில் இருக்கிறான். தன் மனுசி சமைத்துத் தருவாள் என்றான். அவள் கோபிகா, மானிப்பாய்ப் பிள்ளை. நாங்கள் வேதக்காரர், அவள் சைவ சமயம், மீன் சாப்பிடுகிற குடும்பம்தான். இவனாகப் பார்த்து முடித்தது. எனக்கு அந்தக் கலியாணத்தில் விருப்பம் இருக்கவில்லை. அதை ஒளிக்கவும் இல்லை.

மத்தியானம் பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டுக் கரியரோடு தானே வருவாள். திறந்து வைத்துவிட்டு, நான் முதல் வாய் வைக்கும்வரை நிற்பாள்.

"உப்புக் காணுமோ மாமா?"

"ம்."

"மத்தியானத்திலை கொஞ்சம் படுங்கோ. நாரிக்கு நல்லம்."

"ம்."

அந்த நாட்களில் என்னோடு கதைத்த வாய் அது ஒன்றுதான். அப்போது அதை நான் ஒரு கதையாக எடுக்கவில்லை.

இரண்டு மாதத்தில் வயிறு கெட்டது. சாப்பிட்டு ஒரு மணித்தியாலத்தில் குமட்டல், வேர்வை, நடுக்கம்; இனிப்புச் சாப்பிட்டது போலவே, ஆனால் நாக்கில் இனிப்பே படவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் மானிப்பாய்க்குப் போய்விடுவார்கள். நான் கஞ்சி காய்ச்சிக் குடிப்பேன். அன்றைக்கு மட்டும் ஒன்றும் இல்லை. திங்கட்கிழமை திரும்பவும் தொடங்கும். என்னைப் போல ஒருவனுக்கு இது போதாதா? எங்கள் பக்கத்தில் மருந்து வைக்கிறது என்று ஒரு கதை உண்டு. சோற்றுக்குள் எதையோ போட்டு ஆளை உருக்குலைப்பது. நான் செத்தால் இந்த வீடும் காணியும் அவளுக்குத்தானே என்று யோசித்தேன். அவளிடம் கேட்கவில்லை. அவள் கையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை இறால் பிரட்டிக் கொண்டுவந்தாள். நல்ல உறைப்பு, நாக்குச் சுட்டது. என்னவோ அன்றைக்கு ருசித்தது, கரியரை வழித்துச் சாப்பிட்டேன். அரை மணித்தியாலத்தில் சத்தி. கண் இருட்டி வாசலில் விழுந்தேன். ஜெயசுதன் ஓடிவந்து ஆட்டோவில் ஏற்றினான். ஒழுங்கைச் சனம் முழுக்கக் கூடி நின்றது. கோபிகா வெறும் கரியரைக் கையில் பிடித்தபடி நின்றாள். எனக்குக் குரல் மட்டும் இருந்தது.

"உவள் எனக்கு மருந்து வைச்சிட்டாள்! எல்லாரும் கேளுங்கோ! உவள்தான்!"

ஆட்டோ வெளிக்கிட்டது.

ஆஸ்பத்திரியில் வினோஜா என்று ஒரு டொக்ரர் பிள்ளை. சேலைன் ஏற்றி என்னை ஒரு நிலைக்குக் கொண்டுவந்த பிறகு கேட்டார்.

"என்ன சாப்பிட்டனீங்கள் ஐயா?"

"மருமேள் வைச்ச மருந்து."

அவர் சிரிக்கவில்லை. "அப்ப அவவைக் கூப்பிடுங்கோ. என்ன மருந்தெண்டு கேப்பம்."

கோபிகா கண் வீங்கி வந்தாள். என் பக்கம் பார்க்காமல் டொக்ரருக்குச் சொன்னாள்.

"இறாலுக்கு வெங்காயம், தக்காளி, மிளகாய்த்தூள் போட்டனான். தக்காளிச் சோஸ் அரைப் போத்தில். சீனி ரெண்டு கரண்டி."

"இறாலுக்குச் சீனியோ?"

"எங்கடை வீட்டிலை எல்லாக் கறிக்கும் ஒரு கிள்ளுப் போடுறது டொக்ரர். புளிப்பு அடங்கும், இனிப்புத் தெரியாது. மாமா ஒழுங்காச் சாப்பிடுறேல்லை. ருசியா இருக்கட்டுமெண்டு மாமாவின்ரை சட்டிக்குக் கூடப் போட்டனான்."

"ஒவ்வொரு நாளுமோ?"

"ஓம்."

டொக்ரர் என்னை வாயைத் திறக்கச் சொன்னார். டோர்ச் அடித்துப் பல்லைப் பார்த்து, இனிப்புப் படாத பல், அதுதான் சூத்தை இல்லை என்றார். சின்ன வயதுக் கதையெல்லாம் கேட்டார். பழத்தில் இருக்கிற சீனியும், நாங்கள் போடுகிற சீனியும் என் உடம்பில் செமிக்காதாம். பிறவிக் குறையாம். அதற்கு ஒரு பேர் சொன்னார், என் வாயில் நிற்கவில்லை. இரத்தம் கொழும்புக்குப் போய் ஏழு கிழமையில் மறுமொழி வந்தது. அவர் சொன்னது சரி.

மறுமொழிக்குக் காத்திராமல் அன்றைக்கே தமிழில் ஒரு பேப்பரில் எழுதித் தந்திருந்தார். நான் மூன்றாம் வகுப்பு, எழுத்துக்கூட்டி வாசித்தேன். சோறு, மீன், இறைச்சி, முட்டை, பால், கீரை ஒரு பக்கம். மற்றப் பக்கம் நீளமாகப் போனது. பழம், தேன், சர்க்கரை, தக்காளி, கரட், சோஸ், சோடா, பிஸ்கட், தகரத்தில் அடைத்து வருகிற ரின்பால், தக்காளியில் போட்ட ரின்மீன், இருமல் பாணி மருந்து.

"இனி ஆரையும் நம்பிச் சாப்பிடாதேங்கோ ஐயா. என்ன போட்டதெண்டு கேட்டுக் கேட்டுச் சாப்பிடுங்கோ."

"உதை எனக்கு ஒருத்தரும் படிப்பிக்கத் தேவையில்லை," என்றேன்.

ஜெயசுதன் சுவரைப் பார்த்தான்.

வீட்டுக்கு வந்த கிழமை பேக்கரிக்காரனிடம் போய்ப் பாணுக்குச் சீனி போடுகிறாயா என்று கேட்டேன். "போடாட்டி மா பொங்குமோ அப்பு?" என்றான். ஐம்பது வருடமாகப் பாண் சாப்பிட்டால் எனக்கு வயிறு ஊதும். நான் தேங்காய்ச் சம்பலைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். கடைக்கார நமசிவாயம் ஒரு பிஸ்கட் பெட்டியை எடுத்து நீட்டினான்.

"சூசைதாசண்ணை, உது சலரோகக்காரருக்கெண்டு செய்தது. சொட்டுச் சீனி இல்லை."

"எனக்குச் சலரோகம் இல்லை. பெட்டியிலை என்ன எழுதியிருக்கு, வாசி."

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இங்கிலீசை இழுத்து இழுத்து வாசித்தான். "சோர்... சோர்பிற்றோல்."

சீனிக்குப் பதிலாகப் போடுகிற சாமான்; என் பேப்பரின் கடைசி வரியில் அதுவும் இருந்தது.

"உள்ளுக்கு வை."

"உங்களுக்கு ஆரிலையும் நம்பிக்கை இல்லை அண்ணை."

"இப்ப டொக்ரரே எழுதித் தந்திருக்கு," என்றேன். சொல்லும்போது நன்றாகத்தான் இருந்தது. வீட்டுக்கு நடந்து வரும்போது அப்படி இருக்கவில்லை.

ஜெயசுதன் வீட்டுக்கு அந்தப் பேப்பரைக் கொண்டுபோனேன். கோபிகா வாங்கி, நின்றபடியே கடைசி வரைக்கும் வாசித்தாள். சோற்றுப் பருக்கையை நசித்து அடுப்புக்கு மேலே சுவரில் ஒட்டினாள்.

"இனிச் சீனி வராது மாமா."

அந்த இடத்தில் நான் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது.

"சரி," என்றுவிட்டுத் திரும்பி வந்தேன்.

மறுநாள் பன்னிரண்டரைக்குக் கரியரை ஜெயசுதன் கொண்டுவந்தான். வாசலில் வைத்துவிட்டு, மோட்டச்சைக்கிளை நிற்பாட்டாமலே போனான். திறந்தேன். சோறு, கீரை, வெறும் உப்பும் மஞ்சளும் போட்டு அவித்த விளைமீன் துண்டு. துண்டின் ஒரு மூலை கிள்ளி எடுத்திருந்தது. சோற்றில் ஒரு பிடி அளவு பள்ளம். கீரையிலும் விரல் தடம்.

பூனை என்று நினைத்தேன். அடுத்த நாளும் அதே. அதற்கடுத்த நாளும். நாலாம் நாள்தான் எனக்கு உறைத்தது. அவள் ஒவ்வொன்றிலும் தான் முதலில் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு அனுப்புகிறாள். மருந்து இல்லை என்று காட்டுகிறாள்.

சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை. வயிறு புரளவில்லை, கை நடுங்கவில்லை. உடம்பு தேறியது. ஆனால் அந்தக் கிள்ளின மூலையைப் பார்க்காமல் சாப்பிட என்னால் முடியவில்லை. உப்புக் காணுமோ என்று கேட்க ஒருவரும் நிற்கவில்லை. ஒருநாள் உப்புக் காணாமல்தான் இருந்தது. சொல்ல ஆள் இல்லை.

ஜெயசுதனை மறித்துக் கேட்டேன். "மீனை முழுசா அனுப்பச் சொல்லு."

"நீங்களே சொல்லுங்கோ அப்பா. அண்டைக்கு ஊர் கேக்கக் கத்தத் தெரிஞ்சதுதானே?"

அவன் சொன்னது சரி. ஊர் கேட்கச் சொன்னதை, அவளை வீட்டுக்குள் கூப்பிட்டுத் திரும்ப விழுங்க முடியாது.

சனிக்கிழமை காலை மீன்காரன் வந்து ஒழுங்கைச் சனம் கூடுகிற நேரம் பார்த்து, பொல்லை ஊன்றிக்கொண்டு அவள் வீட்டு வாசல் படலைக்கு முன்னால் போய் நின்றேன்.

"எல்லாரும் கேளுங்கோ," என்றேன். குரல் அன்றைக்குப் போல வரவில்லை.

முன்வீட்டு லவீனாவுக்கு வாய் சும்மா இராது. "என்னப்பு, இண்டைக்கு ஆர் மருந்து வைச்சது?"

இரண்டு பேர் சிரித்தார்கள்.

"ஒருத்தரும் வைக்கேல்லை. அண்டைக்கும் வைக்கேல்லை. எனக்குச் சீனி ஆகாது, பிறந்ததிலையிருந்து ஆகாது. அது அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. நான் சொன்னது பொய். பிழை என்ரை."

"உதைச் சொல்ல இவ்வளவு நாளோ?" என்றாள் லவீனா. இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை.

உள்ளே அடுப்படியில் அம்மி அரைபடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றது. கோபிகா வெளியே வரவில்லை. பிறகு அம்மி திரும்பவும் அரைபடத் தொடங்கியது. மீன்காரன் தராசைத் தூக்கினான். நான் வீட்டுக்கு வந்தேன்.

அன்று பன்னிரண்டரைக்கு ஜெயசுதன்தான் வந்தான். கரியரைத் திறந்தேன். சோறு, முருங்கையிலைச் சுண்டல், ஒரு பாரைத்துண்டு. மூலை கிள்ளியிருந்தது.

முன்னையைவிடக் கொஞ்சம் சின்னதாகக் கிள்ளியது போலப் பட்டது. வெளிச்சத்துக்குப் பிடித்தும் பார்த்தேன். சரியாகச் சொல்லத் தெரியவில்லை, என் கண்ணையும் நான் நம்புவதில்லை. உப்பு அளவாக இருந்தது. முழுவதையும் சாப்பிட்டேன். கரியரைக் கழுவித் துடைத்து வாசலில் வைத்துவிட்டு, பக்கத்திலேயே கதிரையைப் போட்டுக்கொண்டு, எடுக்க யார் வருகிறார்கள் என்று பார்த்தபடி இருந்தேன்.