சிவப்பு விளக்கில் ஓர் உறுமல்

வூட்வர்ட் அவென்யூவில் சிவப்பு விளக்கு விழுந்து நிற்கும்போது பக்கத்து வண்டி இரண்டு முறை உறுமினால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: வர்றியா? டெட்ராய்ட்டில் வளர்ந்த யாருக்கும் இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. எனக்கு அந்தச் சத்தம் கேட்டாலே வலது கால் தானாக இறங்கிவிடும். அந்தக் கால்தான் பிரச்சினை.

எங்கள் பிளிமத் எழுபதாம் வருஷத்து வண்டி. கத்தரிப்பூ நிறம். பாதி எனக்கு, பாதி என் அக்கா ஹலினாவுக்கு. போன மாதம் நான் ஒரு மஸ்டாங்கோடு பந்தயம் ஓட்டிப் போலீசில் மாட்டியபோது அவள் கத்தவே இல்லை.

"இன்னொரு தடவ ரேஸ் ஓட்டுனேன்னா என் பாதிய வித்துருவேன், கஸிமிர். வாங்க ஆளு ரெடியா இருக்கான்."

ஹலினா சும்மா சொல்கிற ஆள் இல்லை. பாதி போனால் வண்டியே போன மாதிரி.

ஆகஸ்ட் சனிக்கிழமை, பொழுது சாயும் நேரம். நடைபாதை முழுக்க மடக்கு நாற்காலி போட்டு வண்டிகளை வேடிக்கை பார்க்கும் ஜனங்கள். பெட்ரோல் வாசனையும் வெங்காயம் வதங்கும் வாசனையும் கலந்து, சாலையே ஏதோ தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. பக்கத்து சீட்டில் ஹலினா கோனி டாக் என்கிற சாஸேஜ் ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தாள்.

அப்போது இடப்பக்கம் அது வந்து நின்றது. சிவப்பு. என் ஜன்னலிலிருந்து அதன் கூரைதான் தெரிந்தது, அவ்வளவு தாழ்வு. இத்தாலிய வண்டி. குனிந்து பார்த்தால் உள்ளே ஒரு பெண்.

எங்கள் வண்டி சும்மா நிற்கும்போதே கட்டிலை ஆட்டுகிற குறட்டை விடும். எனக்கு அது பிடிக்கும். ஆனால் இது வேறு. பன்னிரண்டு சிலிண்டரும் ஒன்று முடியும் இடத்தில் இன்னொன்று தொடங்கிப் பாடின. எங்கே மூச்சு விடுகிறது என்றே தெரியவில்லை. கேட்கக் கேட்கக் கண் சொக்கியது.

அது இரண்டு முறை உறுமியது.

"கேட்டுச்சா அக்கா?"

"கேட்டுச்சு. கால எடு."

"கூப்பிடுறா. ஊரே பாக்குது."

"ஊரா உனக்குப் பாதி வண்டி வாங்கித் தரப் போகுது?"

பச்சை விழுந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகப் போனேன். அடுத்த சிக்னலிலும் அவள் பக்கத்தில் நின்று உறுமினாள். நாற்காலியிலிருந்து ஒருவன் கத்தினான், "டேய் கத்தரிக்கா! பயந்துட்டியா?"

மூன்றாவது சிக்னலில் என் கால் என்னைக் கேட்கவில்லை. இரண்டு முறை பதில் உறுமல் விட்டேன். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஹலினா வாயைத் துடைத்துவிட்டு, தன் பாதியை வாங்க இருந்தவனைக் கூப்பிடப் போனைக் கையில் எடுத்தாள்.

சிவப்பு வண்டிப் பெண் எங்கள் பக்க ஜன்னலுக்குச் சாய்ந்து தலையை நீட்டினாள். முகமெல்லாம் சந்தோஷம்.

"அப்பாடா! உங்களுதும் அடைச்சுக்குதா?"

"என்னது?"

"பிளக்குங்க! நின்னு நின்னு போனா கரி புடிச்சுக்கும். உறும விடலேன்னா இங்கயே படுத்துரும். நீங்களும் அதுக்குத்தானே பண்றீங்க?"

ஹலினாவுக்குப் புரையேறிவிட்டது. "ஆமாங்க! இவனுக்கு மண்டையில கரி அடைச்சிருக்கு."

அந்தப் பெண் ஒட்டாவியா. இத்தாலியில் மோடெனாவிலிருந்து வேலைக்கு வந்தவளாம், ஊர் தெரியாதாம். "சிக்னலே இல்லாத ரோடு எதுனா இருக்கா?" என்று கெஞ்சினாள்.

"எங்க பின்னாடியே வாங்க," என்றபடி ஹலினா போனைப் பைக்குள் போட்டாள்.

விரைவுச் சாலையில் ஏறினோம். பின்னால் சிவப்பு வண்டி ஒருமுறை இருமியது, கருப்பாகக் கொஞ்சம் புகை கக்கியது, பிறகு குரல் திறந்துகொண்டது. எங்களுக்கு இணையாக வந்தது. ஒட்டாவியா கையசைத்துவிட்டு முன்னால் போனாள்.

என் காலுக்குக் கீழே இன்னும் நிறைய மிச்சம் இருந்தது. மிதித்தால் பிடித்துவிடலாம். ஆனால் முந்திவிட்டால் அந்தச் சத்தம் எங்கள் குறட்டையில் கரைந்துவிடும். காலைத் தளர்த்தினேன். வானம் கத்தரிப்பூ நிறத்துக்கு மாறியிருந்தது. அந்தக் குரல் உயர்ந்து, மெலிந்து, இல்லாமல் போய், காதுக்குள் மட்டும் இருந்தது.

"ஏன்டா விட்டுட்ட?"

"சும்மா இரு அக்கா. அந்தச் சத்தத்தக் கேக்கணும்."

அவள் தன் பக்கத்துக் கண்ணாடியை முழுக்க இறக்கினாள். பிறகு, "அடுத்த எக்ஸிட்ல வெளிய போய் நிறுத்து," என்றாள்.

"அக்கா, நான் ரேஸ் ஓட்டவே இல்லையே. சும்மா ரெண்டு உறுமல்தான…"

"தெரியும். எறங்கி இந்தப் பக்கம் வா. என் பாதிய நான் ஓட்டிப் பாக்குறேன்."