நீல நண்டு பீச் ஹாஸ்டலில் ஆறு மணிப் பெரட்டு

1.

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் மூளையில் உதித்ததல்ல. குன்னூரில் மலிவாகத் தங்க இடம் தேடிப் போனைத் தடவிக்கொண்டிருந்தபோது கண்ணில் பட்ட ஒரு விமர்சனத்திலிருந்து சுட்டது. ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். "படுக்கை சுத்தம். வெந்நீர் வருகிறது. ஆனால் காலை ஆறு மணிக்கு ஒரு பெரியவர் முற்றத்தில் நின்று தங்கியிருப்பவர்கள் பேரை உரக்கக் கூப்பிடுகிறார். பதில் சொல்லும்வரை விடுவதில்லை." கீழே ஷண்முகப்ரியா என்று பேர். அவளை எனக்குத் தெரியாது. மீதியெல்லாம் நான் இட்டுக்கட்டியது.

2.

முதல் தொடக்கம்: "பனி போர்த்திய நீலமலைச் சரிவில்—" வேண்டாம். அப்படித் தொடங்கும் கதைகளை நானே இரண்டாம் வரியில் மூடிவைத்திருக்கிறேன்.

இரண்டாவது: "தனிமை என்பது—" இதுவும் வேண்டாம். தனிமை என்பது என்ன என்று எனக்கே தெரியாது.

மூன்றாவது: மலை ஏறி வந்து இறங்கிய ஷண்முகப்ரியா முதலில் பார்த்தது தென்னை மரமும் கடல் அலையும் ஒரு நண்டும். போர்டில்தான். ஹாஸ்டல் முதலாளி, கோயமுத்தூர் சரத்துக்கு ஏற்கெனவே கோவளத்தில் ஒரு ஹாஸ்டல் இருந்தது. ஒரே மாதிரி இரண்டு போர்டு அடித்தால் மலிவு என்றார்கள், அடித்துவிட்டான். பச்சைத் தேயிலை விலை படுத்த படுக்கையாகி இங்கே எஸ்டேட்டும் நின்றுபோனபோது, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் ஒரு வரிசையைக் குத்தகைக்கு எடுத்து அடுக்குக் கட்டில் போட்டு, இரண்டாவது போர்டை மாட்டினான். கடலிலிருந்து ஆறாயிரம் அடி உயரத்தில் பீச் ஹாஸ்டல். சிரிப்பாக இருக்கிறதா? அவளும் சிரித்தாள். அந்த வாரத்தில் அவள் சிரித்தது அப்போதுதான்.

அவள் தனியாக வந்தது எதற்கு? சிங்காநல்லூரில் கூட்டுக் குடும்பம். விடிந்தால் "ப்ரியா, சாவி எங்கே", "ப்ரியா, பால் பொங்குது". ஒவ்வொரு கூப்பிடலுக்குப் பின்னாலும் ஒரு வேலை. மூன்று நாள் தன் பேரை யாரும் கூப்பிடாத இடம் அவளுக்கு வேண்டியிருந்தது. ஆபீஸ் ட்ரெய்னிங் என்று சொல்லிவிட்டு வந்தவள், பர்லியாரில் பஸ் நின்றபோது போனின் வாயையும் அடைத்தாள்.

(நாயகிக்கு ஒரு காதல் தோல்வி கொடுங்கள் என்றார் ஒரு நண்பர். பால் பொங்குவது போதும் என்று நினைக்கிறேன்.)

3.

மறுநாள் காலை ஆறு மணி.

"ஷண்முகப்ரியா!"

முழுப் பேர். பள்ளிக்கூடம் விட்டபிறகு யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. எழுந்து கதவைத் திறந்தால், ஹாஸ்டலைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் எல்லப்பன், மப்ளர் சுற்றிக்கொண்டு பேரேட்டோடு நிற்கிறார்.

"ஏனுங்க, இது ஹாஸ்டலுங்களா, ஜெயிலுங்களா?"

"பெரட்டு*, மகள். இருக்கியளா? சரி, போய்ப் படுங்க."

*தோட்டத்தில் காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பது. இலங்கையிலிருந்து எல்லப்பன் குடும்பம் கப்பலில் கொண்டுவந்த சாமான்களில் உடையாமல் வந்து சேர்ந்தது இது ஒன்று.

அவளுக்கு வந்த கோபத்தில் பல்லைக்கூட விளக்கவில்லை. இரண்டு நட்சத்திரத்தைப் போட்டுவிட்டுத்தான் படுத்தாள்.

4.

பத்து மணிக்குச் சரத்தின் போன் வந்தது. எல்லப்பனுக்குக் காது மந்தம், ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். ஆகவே முற்றம் முழுக்கக் கேட்டது.

"அண்ணா, இனி பேர் கூப்படறதெல்லாம் வேண்டாம். அந்தப் புள்ள நாளைக்கு மத்தியானம் கெளம்பறதுக்குள்ள அந்த ரெண்டு ஸ்டாரும் மாறோணும். இல்லீன்னா நான் வேற ஆளப் பாத்துக்கறனுங்க. நீங்க ரூமையும் ஒழிச்சுக் குடுத்துருங்க."

அந்த ரூமில்தான் அவர் நாற்பது வருடமாக இருக்கிறார். அவளிடம் வந்து கெஞ்சுவார் என்று நான் எழுதிப் பார்த்தேன். வரவில்லை. கடைசியில் அவளே போக வேண்டியதாயிற்று.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே?"

"என்னத்த சொல்ல மகள்? நீங்க எழுதுனதுல பொய் ஒண்ணும் இல்லையே."

"எதுக்குங்க கூப்படறீங்க? இங்க யாருக்கு வேலை பிரிக்கறீங்க?"

"தோட்டம் விழுந்த நேரம் நூத்துப் பன்னெண்டு பேரு என் ஏட்டுல. ஒவ்வொரு குடும்பமா சொல்லாமக் கொள்ளாமத் திருப்பூருக்குப் போச்சு. காலையில கூப்பிட்டுப் பதில் வராட்டித்தான் போனதே தெரியும். கடைசியில ஒம்பது பேரு." ஏட்டை மூடினார். "இப்ப குடுக்க வேலை இல்ல. ஆள் இருக்கான்னு மட்டும் பாத்துக்கிறேன்."

அவள் வெட்கப்பட்டாள். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

5.

(கைவிட்ட பகுதி: அவள் தேயிலைக் காட்டுக்குள் போகிறாள், காட்டெருமை வழிமறிக்கிறது, பெரட்டில் அவள் பேருக்குப் பதில் வராததால் எல்லப்பன் தேடி வந்து— கிழித்தாயிற்று. எருமை வந்தால் அவர் செய்வது நியாயமாகிவிடும், நமக்கும் சௌகரியம். ஆனால் எருமை வரவில்லை.)

6.

மறுநாள் ஐந்தே முக்காலுக்கே அவள் விழித்துவிட்டாள். ஆறு அடித்தது. சத்தமில்லை. மூன்று நாள் நிம்மதி தேடி வந்தவளுக்கு அந்த நிம்மதி பிடிக்கவில்லை.

ஜன்னலைத் துடைத்துப் பார்த்தாள். தூறலில் எல்லப்பன் நின்றுகொண்டிருந்தார். ஏடு திறந்திருந்தது. உதடு மட்டும் அசைந்தது. ஒரு பேர், சற்று நேரம், ஒரு கோடு. அடுத்த பேர். தன் பேர் வந்ததை அவள் உதட்டசைவிலேயே தெரிந்துகொண்டாள். நீளமான பேர் அது ஒன்றுதான்.

"இருக்கறனுங்க" என்றாள், அந்த மந்தக் காதுக்கும் எட்டுகிற மாதிரி.

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. கோடு போட்டார்.

7.

இப்போது அவள் கையில் போன். இனி நடக்கக்கூடியதை எல்லாம் எழுதிப் பார்த்துவிட்டேன்.

இரண்டு நட்சத்திரம் அப்படியே இருந்தால், எல்லப்பன் ரூமைக் காலி செய்வார்.

"படுக்கை அருமை" என்று ஐந்து போட்டால் ரூம் மிஞ்சும். ஆனால் இனி உதடு மட்டும்தான் அசையும்.

"பேர் கூப்பிடுவதே அருமை" என்று ஐந்து போட்டால் சரத் துள்ளிக் குதிப்பான். எல்லப்பனுக்குக் காக்கி அரைக்கால் சட்டை, தொப்பி, கையில் பித்தளை மணி. எட்டு மணிக்குப் பெரட்டு. எல்லோரும் வீடியோ எடுத்துக்கொண்டே, சிரித்துக்கொண்டே பதில் சொல்வார்கள். பதிப்பாளருக்கு இந்த முடிவுதான் பிடித்திருக்கிறது.

எனக்கு மூன்றும் பிடிக்கவில்லை. அவள் விரல் திரையின் மேல் நிற்கிறது. நான் எழுந்து டீ போடப் போகிறேன். திரும்பி வருவதற்குள் நீங்களே ஏதாவது ஒன்றை அழுத்திவிடுங்கள். கொஞ்சம் சீக்கிரம். அவர் இன்னும் முற்றத்தில்தான் நிற்கிறார், தூறலும் விடவில்லை.