உருப்படி 214

நூற்றைம்பது வருடத்துப் பத்திரப்பதிவு அலுவலகத்தைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள். அதற்காக அலுவலகத்தை மூடவில்லை. சாரத்துக்கு அடியிலேயே வரிசை நின்றது. மேலிருந்து உதிர்ந்த சுண்ணாம்பில் வந்தவர்களுக்கெல்லாம் அரை மணியில் தலை நரைத்தது.

ஆவண அறை எழுத்தர் ஆறு வருடமாகக் கேட்ட இடமாறுதல் அன்றுதான் வந்தது. மனைவி வேலை பார்க்கும் ஊருக்கே. திங்கட்கிழமை போய்ச் சேராவிட்டால் உத்தரவு ரத்து.

மேலாளர் உத்தரவைப் பார்க்கவில்லை. எழுத்தரின் சட்டையில் தொங்கிய தகர வில்லையைப் பார்த்தார்.

"எண் போட்டதை விடுவிக்க எனக்கு அதிகாரம் இல்லய்யா. பொறியாளரைப் பாரு."

பழமை மாறாமல் காக்க வேண்டியவற்றுக்குப் போன மாதம் எண் போட்டார்கள். அப்போது எழுத்தர் நாற்காலியில் உண்ட மயக்கத்தில் இருந்தார். நாற்காலிக்கு எண் போட வந்தவன் எழுப்ப மனமில்லாமல், வில்லையைக் கைக்கு எட்டிய சட்டையில் மாட்டிவிட்டுப் போனான். வில்லை தொலைந்தால் விளக்கம் கேட்பார்களே என்று, எழுத்தரும் தினமும் சட்டைக்குச் சட்டை மாற்றிக் குத்திக்கொண்டு வந்தார். பட்டியலில் இப்படி இருந்தது: 'உருப்படி 214. நாற்காலி, ஆளுடன். இடம் பெயர்க்கக் கூடாது.'

"நான் மனுஷன் சார்," என்றார் பொறியாளரிடம்.

"இல்லேன்னு யாரு சொன்னா? ஆளுடன்னுதானே போட்டிருக்கு. பேரை எடுக்கணும்னா குழு கூடணும்."

"எப்ப கூடும்?"

"வேலை முடிஞ்சதும்."

எழுத்தர் அண்ணாந்து பார்த்தார். சாரத்தில் செடி முளைத்திருந்தது.

அந்நேரம் இரண்டு தச்சர்கள் எண் போட்ட கதவு ஒன்றை வாசல் வழியாகத் தூக்கிப் போனார்கள்.

"அது மட்டும் போகுதே?"

"அது செல்லரிச்சது. ரிப்பேருக்குப் போகுது."

எழுத்தர் அங்கேயே உட்கார்ந்து ஒரு சீட்டில் எழுதினார்: 'உருப்படி 214. கால் மூட்டு ஆட்டம். முதுகு வளைவு. மேல்பூச்சு உதிர்வு. பழுது பார்த்துத் திருப்பி அனுப்பப்படும்.'

பொறியாளர் அவரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். முட்டியை அழுத்திப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.

"நாற்காலியையும் எடுத்துட்டுப் போங்க. ரெண்டையும் பிரிச்சா பழமை போயிரும்."

பழுதுக்குப் போகும் பொருள் என்றதும் மேலாளரும் விடுவித்துவிட்டார்.

ஞாயிறு மாலை, தலையில் நாற்காலியோடு வந்து நின்ற கணவனிடம் மனைவி சீட்டை வாங்கிப் படித்தாள்.

"திருப்பி அனுப்பணுமாமே. எப்ப?"

"பழுதெல்லாம் சரியானதும்."

அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"அப்ப நாற்காலியை உள்ள போடுங்க. இந்த ஜென்மத்துல திரும்பப் போக மாட்டீங்க."