கொழும்புக்குக் கழித்த அரைமணி

உமையாள் எதையும் இருமுறை சரிபார்த்த பின்னரே அடுத்த வேலையைத் தொடுவாள். நயினார்கோவிலிலிருந்து முதல் பேருந்தில் இராமநாதபுரம் வந்து, தன் இணைய நிலையத்தைத் திறந்ததும், சுவர்க்கடிகாரத்தைக் கணினியோடு ஒப்பிட்டுப் பார்ப்பாள். வெளிநாட்டு நேரங்களைக் கணக்கிட்டுக் காட்டும் மென்பொருள் ஒன்றை நான்காண்டுகளுக்கு முன் அவளே எழுதியிருந்தாள். கடல் கடந்த உறவினரை உடைய கீழக்கரைக்காரர்கள் அதை நம்பியே தொலைபேசியை எடுப்பார்கள்.

அன்று 2006ஆம் ஆண்டின் சித்திரைப் புத்தாண்டு கழிந்த திங்கட்கிழமை. ஓராண்டாக வேலையின்றி இருந்த ஹாஜா முகைதீனுக்குக் கொழும்பு நிறுவனம் ஒன்று கணினி வழியே நேர்காணல் வைத்திருந்தது. அவர்கள் ஊர் மணி பத்து. நம் மணி ஒன்பதரை என்றது மென்பொருள். கீழக்கரைப் பேருந்து வழியில் பழுதாகி, அவர் வியர்க்க விறுவிறுக்க உள்ளே நுழைந்தபோது மணி ஒன்பது நாற்பது.

"கனெக்சனப் போடு தங்கச்சி!"

மறுமுனையில் எவரும் எடுக்கவில்லை.

"போச்சு! பத்து நிமிசத்துல எந்திரிச்சுப் போயிட்டாகளே! வீட்ல போயி என்னத்தச் சொல்லுவேன்?"

"இருங்க பாய், ஒப்பாரி வைக்காதீக. மறுபடி அடிக்கிறேன்."

அப்போது பக்கத்துத் தேநீர்க்கடை வானொலியில் கொழும்பு அறிவிப்பாளர், "நேரம் காலை ஒன்பது மணி நாற்பத்திரண்டு நிமிடங்கள்" என்றார்.

கொழும்பு வானொலி மணி சொன்னால் அரைமணியைக் கழித்துக்கொள்வது இக்கரையோரத்தாரின் பத்தாண்டுப் பழக்கம். உமையாளும் கழித்தாள், ஒன்பது பன்னிரண்டு வந்தது. சுவரிலோ ஒன்பது நாற்பத்திரண்டு. ஹாஜாவின் கைக்கடிகாரத்திலும் அதுவே!

துள்ளி எழுந்தாள்.

"பாய்! கொழும்புக்காரவுக கடியாரத்த மாத்திட்டாக! இப்ப அவுகளுக்கும் நமக்கும் ஒரே மணி!"

"அப்ப உன் கம்ப்யூட்டரு?"

"அதுக்கு யாரு சொன்னா? நாந்தான சொல்லிருக்கணும்! இன்னும் பதினெட்டு நிமிசம் கெடக்கு, போயி மொகத்தக் கழுவுங்க!"

"கழுவுறேன் தாயி! உசுரு இப்பத்தான் திரும்பி வந்துருக்கு!"

சரியாகப் பத்து மணிக்குத் திரையில் மூன்று முகங்கள் தோன்றின. பத்தரைக்கு ஹாஜா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "அடுத்த மாசமே வரச் சொல்லிட்டாக!" என்று அவர் போட்ட சத்தத்தில் தேநீர்க்கடைக்காரரும் எட்டிப் பார்த்தார்.

உமையாள் சிரித்துக்கொண்டே மென்பொருளின் நேரப் பட்டியலில் கொழும்பின் வரியைத் திருத்தினாள், இருமுறை சரிபார்த்தாள். பிறகு அவள் விரல்கள் நின்றன. இதே மென்பொருளைக் கீழக்கரையில் மூன்று கடைகளுக்கும் இராமேஸ்வரத்தில் ஒரு கடைக்கும் அவளே பதிந்து கொடுத்திருந்தாள். அங்கெல்லாம் பழைய அரைமணி இன்னும் அப்படியே இருந்தது.

நண்பகலில் கடையைப் பூட்டிவிட்டு, நான்கு இடங்களுக்கும் தானே சென்று திருத்தி வருவது என்று முடிவு செய்தாள்.