ஐந்து லிட்டருக்கு மேல்

கணவனும் மனைவியும் சேர்ந்து மளிகைக் கடை நடத்தலாம், டியூஷன் சென்டர் நடத்தலாம், தப்பே இல்லை. ஆபரேஷன் தியேட்டர் நடத்தினால் மட்டும் வீட்டுச் சண்டையும் முகக்கவசம் மாட்டிக்கொண்டு கூடவே உள்ளே வந்துவிடும். மயக்க டாக்டருக்கு இது நன்றாகவே தெரியும். கத்தி பிடிப்பவர் அவள் வீட்டுக்காரர். உடம்பிலிருந்து கொழுப்பை உறிஞ்சி எடுப்பதில் கைராசிக்காரர் என்று பெயர் எடுத்தவர். அந்தப் பெயர் அவர் தலைக்குக் கொஞ்சம் ஏறியும் இருந்தது. அவர் வேலை செய்யும் நேரம் முழுக்க, படுத்திருக்கிற ஆளின் மூச்சையும் ரத்த அழுத்தத்தையும் காவல் காப்பது இவள் வேலை.

அன்று காலை காரிலேயே ஆரம்பித்துவிட்டது. முன்னால் போன லாரியை அவர் உரசுகிற மாதிரி முந்தினார். இவள் கால் தானாகத் தரையை அழுத்தியது.

"கொஞ்சம் மெதுவா போங்களேன்."

"உன் பேச்சைக் கேட்டா நான் இன்னும் சைக்கிள்லதான் போயிட்டிருப்பேன். உன் காலடியில பிரேக் எல்லாம் இல்ல, பயந்தாங்கொள்ளி."

பயந்தாங்கொள்ளி என்பது கல்யாணமான புதிதில் அவர் செல்லமாக வைத்த பெயர். இப்போது செல்லம் தேய்ந்து பெயர் மட்டும் மிச்சம் இருந்தது. மீதி வழியில் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

மேசையில் படுத்தவள் ஒரு பேக்கரிக்காரி. வாய் ஓயாதவள். ஊசி போடும் நேரத்திலும், "டாக்டரம்மா, கொஞ்சம்கூட விட்டுடாதீங்க, வழிச்சு எடுத்துடுங்க. மாவு பாத்திரத்தை வழிக்கிற மாதிரி" என்று சிரித்தாள். அவளுக்கு வயிறு, இடுப்பு, தொடை, முதுகு என்று எல்லா இடத்திலும் எடுக்க வேண்டியிருந்தது. இரண்டு தவணையாகச் செய்வதுதான் முதலில் பேச்சு. இரண்டு முறை கடையை மூட முடியாது என்று அவள் கெஞ்சினாள். அவர் இரக்கப்பட்டு, ஒரே மூச்சில் முடித்துவிடலாம் என்று வாக்குக் கொடுத்துவிட்டார். இவளைக் கேட்கவில்லை. காரில் கேட்டிருக்கலாம், ஆனால் காரில்தான் பேச்சு நின்றுபோயிருந்ததே.

ஒரு நாளில் ஐந்து லிட்டருக்கு மேல் எடுப்பதில்லை என்பது கிளினிக் திறந்த அன்று இருவரும் சேர்ந்து போட்டுக்கொண்ட கட்டுப்பாடு. வெளியே இருப்பவர்கள் கொழுப்பு மட்டும்தான் போகிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். கூடவே ரத்தம் போகிறது, தண்ணீர் போகிறது, உடம்பின் சூடு போகிறது. உடம்பு திகைத்துப்போய், இருக்கிற தண்ணீரை எங்கே அனுப்புவது என்று தெரியாமல் அங்கும் இங்கும் தள்ளும். சில சமயம் நுரையீரலுக்கே தள்ளிவிடும். கொழுப்புத் துணுக்குகள் ரத்தத்தில் கலந்து மூச்சையே அடைப்பதும் உண்டு. எடுக்க எடுக்க ஆபத்து கூடும் என்பதுதான் அதன் சாரம்.

இதற்கு முன் மூன்று முறை அவள் நிறுத்தச் சொல்லியிருக்கிறாள். அவரும் முணுமுணுத்துக்கொண்டே நிறுத்தியிருக்கிறார். மூன்று பேரும் தங்கள் காலால் நடந்து வீட்டுக்குப் போனார்கள். அதனாலேயே அது கேலிக்கதை ஆகிவிட்டது. "என் வீட்டம்மா மூணு தடவை உலகம் அழியப்போகுதுன்னு சொன்னா, மூணு தடவையும் மறுநாள் பால் வந்துச்சு" என்று விருந்துகளில் சொல்லிச் சிரிப்பார். நிறுத்தியதால்தான் அவர்கள் நடந்து போனார்கள் என்று யாருக்கும் தோன்றவில்லை. கொஞ்ச நாளில் இவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

குழாய் தோலுக்கடியில் முன்னும் பின்னும் போய்வந்தது. உறிஞ்சும் மெஷின் இரைந்துகொண்டே இருந்தது. கண்ணாடிக் குடுவைக்குள் மஞ்சள் ஏறியது, அடியில் சிவப்பு தங்கியது.

"அஞ்சு ஆயிடுச்சு" என்றாள்.

"எனக்கும் கண்ணு இருக்கு."

"நாடி கூடுது."

"கூடட்டும். தண்ணி ஏத்து. முதுகு மட்டும்தான் பாக்கி."

அவள் தண்ணீர் ஏற்றினாள். நாடி இறங்கவில்லை. குடுவையில் அளவு ஏறியது, திரையில் ரத்த அழுத்தம் இறங்கியது. பேக்கரிக்காரியின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். ஜில்லென்று இருந்தது. சூடேற்றும் போர்வையை எங்கே போடுவது, உடம்பு முழுக்கத்தான் வேலை நடக்கிறதே. சிறுநீர்ப் பை கிட்டத்தட்டக் காலி.

"போதும்ங்க."

சொன்ன பிறகுதான் உறைத்தது. தியேட்டருக்குள் இருவரும் ஒருவரையொருவர் டாக்டர் என்றுதான் கூப்பிட வேண்டும். அவள் வாயிலிருந்து வந்தது சாப்பாட்டு மேசைக் குரல். சீனியர் நர்ஸ் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். அவர் நிமிராமலே சொன்னார்:

"பாருங்க, கார்ல ஆரம்பிச்சது இன்னும் முடியல."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஏன் சிரித்தாள் என்று அவளைக் கேட்டால் அவளுக்கே பதில் தெரியாது. கண்ணெதிரே ஒருத்தியின் உயிர் ஆட்டம் கண்டுகொண்டிருக்க, ரோஷக்காரி என்று பேர் வாங்கக் கூடாதே என்று பல்லைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் கொடுமை. "ஒரு பக்கம் எடுத்து ஒரு பக்கம் விட்டா கோணலா இருக்கும்மா, அந்தப் பொண்ணு கண்ணாடியில பார்க்க வேணாமா" என்று உண்மையான அக்கறையோடுதான் சொன்னார். இரண்டாவது முறை அவள் "டாக்டர், நிறுத்துங்க" என்றபோது அதையும் கோபத்தில் போட்ட "டாக்டர்" என்றே எடுத்துக்கொண்டார். வீட்டில் சண்டை போட்டால் அவள் அவரை அப்படித்தான் கூப்பிடுவாள். எந்த வார்த்தையைச் சொன்னாலும் அது ஏற்கெனவே வீட்டில் செலவழிந்துபோன வார்த்தையாக இருந்தது.

ரத்த அழுத்தம் மறுபடி சரிந்தது. அவள் மயக்க மருந்து மெஷினின் குமிழில் கை வைத்தாள்.

"நான் மயக்கத்தை நிறுத்துறேன். இன்னும் ஒரு தடவை குழாயை உள்ள விட்டீங்கன்னா அவ முழிச்சுக்குவா."

அவர் குழாயைத் தட்டில் வீசினார். குடுவைகளைக் கூட்டிப் பார்த்தால் எட்டு லிட்டர் இருந்தது. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

பக்கத்து அறையில் பேக்கரிக்காரி கண் திறந்தாள். வாசலில் காத்திருந்த அவள் அண்ணனை உள்ளே விட்டார்கள். பெரிய உடம்புக்காரர், பஸ் ஓட்டுபவர், கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதா டாக்டரம்மா?"

அவள் பதில் சொல்வதற்குள் கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"அண்ணே, அடுப்பை அணைண்ணே. கருகுது."

"என்னம்மா சொல்ற? அடுப்பு எங்க இருக்கு இங்க?"

"கருகுதுண்ணே. புகையா இருக்கு. மூச்சு விட முடியல."

மயக்க டாக்டர் மார்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தாள். ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே தண்ணீர் களகளத்தது. மானிட்டரில் ஆக்சிஜன் எண் படிப்படியாக இறங்கியது. பேக்கரிக்காரி ஆக்சிஜன் முகமூடியைப் பிய்த்து எறிந்துவிட்டு எழுந்து உட்காரப் பார்த்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. அவ்வளவு பேசியவள் இப்போது கண்களால் மட்டும் கெஞ்சினாள்.

வீட்டுக்காரர் கதவருகே நின்றார். "இங்கயே சமாளிச்சுடலாம்" என்றார். குரலில் பலம் இல்லை. அவள் அவரைக் கேட்காமலே ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள்.

வண்டிக்குள் தங்கையின் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அண்ணன் உட்கார்ந்திருந்தார். மயக்க டாக்டர் காற்றுப் பையை அழுத்திக்கொண்டிருந்தாள். போன் அடித்துக்கொண்டே இருந்தது. தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டாள்.

"நாலுன்னு சொல்லு" என்றார் வீட்டுக்காரர்.

"என்னது?"

"ஆஸ்பத்திரியில எவ்வளவு எடுத்தீங்கன்னு கேப்பாங்க. நாலுன்னு சொல்லு. இங்க நான் குடுவையெல்லாம் கழுவச் சொல்லிட்டேன்."

"நாலுன்னு சொன்னா அவங்க வேற எதையோ தேடுவாங்க. எவ்வளவு போச்சு, எவ்வளவு ஏத்தினோம்னு தெரிஞ்சாதான் தண்ணியைக் குறைக்கறதா கூட்டறதான்னு முடிவு பண்ண முடியும். உங்களுக்குத் தெரியாதா இது?"

"தெரியும்." அவர் அழுதுகொண்டிருந்தார். இத்தனை வருஷத்தில் அவர் அழுது அவள் கேட்டதில்லை. "பயமா இருக்கும்மா. நம்ம பிள்ளைங்களை நினைச்சுப் பாரு. எல்லாம் போயிடும். இந்த ஒரு தடவை நான் சொல்றதைக் கேளு."

அவள் பிள்ளைகளை நினைத்தாள். பள்ளி விட்டு வரும் நேரம்தான். கேட் திறக்கும் சத்தம், பையை வீசும் சத்தம் எல்லாம் நினைவுக்கு வந்தது. நாலு என்பது எவ்வளவு சின்னச் சொல். ஆனால் அதைச் சொல்லிவிட்டால் இந்த உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று அங்கே ஒருத்தருக்கும் புரியாது.

"டாக்டரம்மா" என்றார் அண்ணன். "நீங்க கூடவே வர்றீங்க பாருங்க, அதுவே எங்களுக்குப் பெரிய தெம்பு. வேற யாராவதா இருந்தா கைகழுவி விட்டுருப்பாங்க."

அவள் போனைக் கீழே நழுவ விட்டாள்.

பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் ஒரு டாக்டர் கட்டிலோடு கூடவே ஓடிவந்தார். "தண்ணியை வேகமா ஏத்துங்க, பிரஷர் இல்ல" என்று நர்ஸிடம் கத்திவிட்டு இவள் பக்கம் திரும்பினார்.

"என்ன கேஸ்?"

"கொழுப்பு உறிஞ்சினது."

"எவ்வளவு எடுத்தாங்க?"

அண்ணன் பக்கத்தில்தான் நின்றார், தங்கையின் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு.

"எட்டு லிட்டர்" என்றாள். "ஏத்தினது அதைவிட அதிகம். நுரையீரல்ல தண்ணி நிக்குது. கொழுப்பு ஏறியிருக்கவும் வாய்ப்பு இருக்கு."

டாக்டர் ஒரு கணம் அவளையே பார்த்தார். "தண்ணியை நிறுத்துங்க! வென்டிலேட்டர் கொண்டாங்க!" என்று திரும்பிக் கத்தினார். நர்ஸ் ஓடிப்போய்க் குழாயைத் திருகி அடைத்தாள். இன்னொருவர் கட்டிலைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

"எட்டா? எந்தப் பாவி பண்ணினான் இதை?"

அண்ணனும் அவள் முகத்தைப் பார்த்தார். ஆபரேஷன் நடந்த கிளினிக் யாருடையது என்பது அவருக்குத் தெரியும். ஆனால் அவர் இவளை நம்பியிருந்தார். இவள் வாயிலிருந்து என்ன வரப்போகிறது என்று காத்திருந்தார்.

"என் வீட்டுக்காரர்" என்றாள். "மயக்கம் கொடுத்தது நான். அஞ்சுலயே நிறுத்தியிருக்கணும். அப்ப நான் சிரிச்சுக்கிட்டு இருந்தேன்."