ஐந்து ரிமோட்டும் ஐந்து பேரும்

1996-ஆம் ஆண்டு பிப்ரவரி 18, ஞாயிற்றுக்கிழமை. ஓசூர் பாகலூர் சாலையில் ஒரு வாடகை வீட்டின் ஹாலில், டீப்பாய் மேல் ஐந்து ரிமோட்டுகள் இருந்தன.

கிரிக்கெட் மேட்ச் தொடங்கிவிட்டது. சுவரோரம் நிறுத்திய ஸ்பீக்கர்களிலிருந்து கூட்டத்தின் இரைச்சல் வந்தது. திரை மட்டும் வெறும் நீலமாக இருந்தது. பரமசிவம் ஒரு ரிமோட்டை அமுக்கினார், சத்தமும் போயிற்று. இன்னொன்றை அமுக்கினார், வி.சி.ஆர். கேசட்டை வெளியே தள்ளியது.

"இதுக்கு ரேடியோவே வச்சுக் கேட்டிருக்கலாம்" என்றாள் அடுக்களையிலிருந்து அவர் மனைவி பேச்சியம்மாள்.

பரமசிவம் சிப்காட்டில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் பர்ச்சேஸ் ஆபீசர். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வேலைக்காக ஓசூர் வந்து எட்டு வருடம் ஆகிறது. அவர் பணம் வாங்கமாட்டார். ஒருமுறை மைசூர்பாகு டப்பாவுக்குள் கவர் வைத்துக் கொடுத்த ஒருவரை அவர் வாசலோடு திருப்பி அனுப்பினார். அந்தக் கதையைச் சொந்தக்காரர்களிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். ஆனால் மகனின் காதுகுத்துக்குப் பெரிய கலர் டி.வி. வந்தது. ஒரு தீபாவளிக்கு வி.சி.ஆர்., இன்னொரு தீபாவளிக்கு சி.டி. பிளேயர், புத்தாண்டுக்கு மொட்டைமாடி டிஷ். ஆயுதபூஜைக்கு ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கர்களும் வந்தன. எல்லாம் தொழிற்சாலைக்குச் சரக்குப் போடுகிறவர்கள் கொடுத்தவை. விசேஷத்துக்கு வருகிறவர்கள் சும்மா வருவார்களா என்று அவர் அவற்றை வீட்டுக்குள் விட்டார்.

ஆம்ப்ளிஃபயர் கொடுத்த கோவிந்தப்பன் அன்று எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உள்ளூர்க்காரர். தொழிற்சாலைக்குக் கிளவுஸ், ஏப்ரன், மெஷின் துடைக்கிற காட்டன் வேஸ்ட் போடுகிறார். கிளவுஸுக்கான அடுத்த வருட ஆர்டர் பரமசிவத்தின் கையெழுத்துக்காக ஆபீஸ் மேஜையில் காத்திருந்தது. அதைப் பற்றி கோவிந்தப்பன் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

"ஏன் சார் இந்த அவஸ்தை? எல்லாத்துக்கும் சேத்து ஒரே ரிமோட்டு வந்திருக்குது. பெங்களூர்ல எஸ்.பி. ரோட்ல நமக்குத் தெரிஞ்ச கடை. சனிக்கிழமை வண்டி எடுத்தாறேன், அக்காவும் வரட்டும். புடிச்சதா எடுத்துக்கலாம்" என்றார்.

பரமசிவம் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மறுநாள் காலை பால் ஊற்ற முனிலட்சுமி வந்தாள். வீட்டில் இரண்டு மாடு. காலையில் பால் ஊற்றிவிட்டு அதே தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறவள். வார்ப்புகளின் பிசிறை அரைத்து எடுக்கும் பிரிவில் தினக்கூலி. அன்று அவள் வலது கையில் பெரிய கட்டுப் போட்டிருந்தது. இடது கையால் ஊற்றியதில் பால் தரையில் சிந்தியது.

என்ன ஆயிற்று என்று பேச்சியம்மாள் கேட்டாள். வார்ப்பு வழுக்கி விரல்களைக் கிழித்துவிட்டதாகவும், டாக்டர் நரம்பு பட்டிருக்கலாம் என்று சொன்னதாகவும், கை ஆறும்வரை வர வேண்டாம் என்று மேஸ்திரி அனுப்பிவிட்டதாகவும் அவள் சொன்னாள்.

"கிளவுஸ் போடலையா?"

"போட்டுக்கினுதான் இருந்தேங்கக்கா. ரெண்டு நாள்ல தையலு உட்டுப்போவுது. மேல தோலு மாதிரி இருக்கும், உள்ள வெறும் துணி. நாங்க கந்தல் சுத்திக்கினு அதுக்கு மேலதான் போடறோம்."

அன்று மாலை பேச்சியம்மாள் கணவரிடம் இதைச் சொன்னாள். சாம்பிள் பார்த்துத்தான் ஆர்டர் போட்டது, பெண்கள் கவனமாக வேலை செய்வதில்லை என்று அவர் சொல்லிவிட்டார். சாம்பிளை யார் பார்த்தது என்று அவள் கேட்டபோது கரண்ட் போய், பேச்சு நின்றது.

சனிக்கிழமை மூவரும் கோவிந்தப்பனின் மாருதி வேனில் பெங்களூருக்குப் போனார்கள். பழைய ரிமோட்டுகள் ஐந்தும் பேச்சியம்மாள் மடியில் மஞ்சப்பையில் இருந்தன. பழையது இல்லாமல் புதியதைப் பழக்க முடியாது என்று கோவிந்தப்பன் சொல்லியிருந்தார்.

கடைக்காரர் இரண்டு விதம் எடுத்துப் போட்டார். ஒன்றில் சில கம்பெனிகளின் நம்பர் முன்பே பதிந்திருக்கும். அந்தப் பட்டியலில் இல்லாத கம்பெனி என்றால் வேலை செய்யாது. மற்றது விலை கூடியது, எந்தக் கம்பெனியானாலும் கற்றுக்கொள்ளும். பழைய ரிமோட்டை அதன் எதிரே நேராக வைத்து, ஒவ்வொரு பட்டனாக அமுக்கிக் காட்டினால் போதும். எதற்கும் பார்த்துவிடலாம் என்று பரமசிவம் மஞ்சப்பையை வாங்கி ஐந்தையும் கண்ணாடி மேஜைமேல் வரிசையாக வைத்தார்.

கடைக்காரர் அவற்றைப் பார்த்துவிட்டு, கோவிந்தப்பனிடம் கன்னடத்தில் கேட்டார். ஹோம் தியேட்டர் வைக்கிறவர்கள் பெரும்பாலும் இரண்டு மூன்றாவது ஒரே கம்பெனியாகத்தான் வாங்குவார்கள். இதில் ஒன்றுக்கொன்று சேராத ஐந்து கம்பெனி எப்படி வந்தது?

கோவிந்தப்பன் சிரித்தார். ஒவ்வொரு ரிமோட்டாகத் தொட்டு, கன்னடத்திலேயே பதில் சொன்னார். இது ஃபவுண்டரிக்காரர். இது பெயிண்ட்காரர். இது அட்டைப்பெட்டி. இது லாரி ஆபீஸ். இது நான். இவர் பணத்தைத் தொடமாட்டார், ரொம்ப நேர்மை. கரண்டில் ஓடுகிற சாமான் என்றால்தான் கை நீளும். இந்த ஆறாவதும் உள்ளே போய்விட்டால், கோணியைக் கத்தரித்துக் கிளவுஸ் என்று அனுப்பினாலும் அடுத்த வருடத்துக்குக் கையெழுத்து விழும்.

கடைக்காரர் சிரித்தார். எல்லாரும் சிரிக்கிறார்களே என்று பரமசிவமும் சேர்ந்து சிரித்தார். அவருக்குக் கன்னடம் தெரியாது. ஆபீஸில் தமிழும் இங்கிலீஷும் போதுமாக இருந்தன.

பேச்சியம்மாள் சிரிக்கவில்லை. அவள் வீட்டின் ஒரு பக்கம் கன்னடக்காரர்கள், எதிரே தெலுங்குக்காரர்கள். தண்ணீர் லாரியில் சண்டை போட்டும், குழந்தைகளுக்குக் காய்ச்சல் என்றால் கஷாயம் வாங்கிக் கொடுத்தும் எட்டு வருடத்தில் இரண்டு பாஷையும் அவளுக்கு வந்துவிட்டன. தெற்கத்திக்காரர்களுக்குக் கன்னடம் ஏறாது என்பது கோவிந்தப்பனின் எண்ணம்.

கடைக்காரர் விலை கூடிய ரிமோட்டைப் பிரித்து, டி.வி. ரிமோட்டை அதன் எதிரே வைத்து, முதல் பட்டனை அமுக்கப் போனார். பேச்சியம்மாள் கையை நீட்டி டி.வி. ரிமோட்டை எடுத்தாள்.

"பேடாண்ணா" என்றாள். "நமகே பேடா."

எங்களுக்கு வேண்டாம் என்பதை அவள் சொன்ன உச்சரிப்பில் பிசிறே இல்லை. கோவிந்தப்பனின் சிரிப்பு அப்படியே நின்றது. அவள் மற்ற நான்கையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினாள். ஒன்றும் புரியாமல் பரமசிவம் பின்னால் வந்தார்.

வேனில் ஏற அவள் சம்மதிக்கவில்லை. கலாசிபாளையம் பஸ் ஸ்டாண்ட் வரை நடந்து, ஓசூர் பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான், கடையில் பேசியதை ஒரு வரி விடாமல் தமிழில் சொன்னாள். கணவரின் முகம் கறுத்தது. பிறகு கோவிந்தப்பனைத் திட்டினார். அவன் ஆர்டரைக் கிழித்துவிடுகிறேன், அவன் ஆம்ப்ளிஃபயரை அவன் மூஞ்சியிலேயே எறிகிறேன் என்றார்.

"ஒண்ண மட்டும் எறிஞ்சா? மத்த நாலு பேரும் என்ன சொல்லிச் சிரிக்காவளோ, நமக்குத் தெரியுமா?"

"எல்லாத்தையும் திருப்பிக் குடுத்தா, பெருசா வேற கேக்கான்னு நெனைப்பானுவ. நான் என்ன காசா வாங்கினேன்?"

"காசு வாங்கியிருந்தா செலவாயிருக்கும், மறந்திருப்போம். இது ஹாலுல உக்காந்து தெனம் நம்மளப் பாக்கு." அவள் பையை மடியில் இறுக்கிக்கொண்டாள். "அஞ்சும் அஞ்சு பேரு. ஒரே ரிமோட்டா ஆக்கிட்டா யாரு எதக் குடுத்தாவன்னு நமக்குத்தான் மறந்துபோவும், குடுத்தவனுக்கு மறக்காது. முனிலட்சுமி கையப் பாத்தீயளா? நாம மேட்ச் பாத்ததுக்கு அவ வெரலக் குடுத்திருக்கா."

ஓசூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் பரமசிவம், "டிஷ்ஷக் கழட்ட ஆள் வேணும்" என்றார்.

அடுத்த வாரம் முழுவதும் அதே வேலையாக இருந்தது. ஒவ்வொரு சாமானையும் அதன் ரிமோட்டோடு சேர்த்துக் கட்டி, ஆட்டோவில் ஏற்றி, கணவன் மனைவி இருவருமே கொண்டுபோனார்கள். பெயிண்ட்காரர் கோபித்துக்கொண்டு வாங்கினார். அட்டைப்பெட்டிக்காரர், புது மாடல் வேண்டுமா சார் என்று கேட்டார். லாரி ஆபீஸில் டிஷ்ஷை மூலையில் வைக்கச் சொன்னார்கள். ஃபவுண்டரிக்காரர் வாங்க மறுத்ததால் டி.வி.யை அவர் கம்பெனி வாட்ச்மேன் அறையில் வைத்துவிட்டு வந்தார்கள். கோவிந்தப்பன், தான் வீட்டில் இல்லை என்று உள்ளிருந்தே சொல்லச் சொன்னார். ஆம்ப்ளிஃபயரை அவர் மனைவியிடம் கொடுத்தார்கள். மகன் இரண்டு நாள் சாப்பிடாமல் அழுதான்.

கிளவுஸ் ஆர்டரில் பரமசிவம் கையெழுத்துப் போடவில்லை. மூன்று பேரிடம் சாம்பிள் வாங்கி, பிசிறு நீக்கும் பிரிவுப் பெண்களிடம் ஒரு வாரம் போட்டு வேலை செய்யக் கொடுத்தார். கோவிந்தப்பனுடையதும் அதில் ஒன்று. அது நான்காம் நாள் கிழிந்தது. இன்னொருவருக்கு ஆர்டர் போனது.

கோவிந்தப்பன் தொழிற்சாலை மேனேஜருக்குப் புகார் கொடுத்தார். பர்ச்சேஸ் ஆபீசர் பல வருடமாகப் பொருள் வாங்கிக்கொண்டிருக்கிறார், திரும்பி வந்த ஆம்ப்ளிஃபயர் அதற்குச் சாட்சியாகத் தன் வீட்டிலேயே இருக்கிறது என்றார். மேனேஜர் கூப்பிட்டு விசாரித்தபோது பரமசிவம் மறுக்கவில்லை. எந்தப் பொருள் யார் கொடுத்தது என்று ஐந்தையும் அவரே சொன்னார்.

"பணம் வாங்காததுனால நான் சுத்தம்னு நெனச்சேன் சார். லஞ்சத்துக்கு எந்தச் சட்டைய மாட்டி அனுப்புனாலும் அது லஞ்சந்தான். அதுக்கு வெல நான் குடுக்கல. கையில தையல் போட்டுக்கிட்ட பொம்பளைங்க குடுத்தாங்க."

அவருக்கு மெமோ கொடுத்தார்கள். அந்த வருட இன்க்ரிமென்ட் நிறுத்தப்பட்டது. பர்ச்சேஸிலிருந்து ஸ்டோர்ஸுக்கு மாற்றினார்கள். வேலை போகவில்லை.

புதிய கிளவுஸ் ஏப்ரல் மாதம் வந்தது. முனிலட்சுமியைத் திரும்ப வேலைக்கு எடுத்தார்கள், இந்தமுறை பேக்கிங் பிரிவில். அவள் வலது கையின் இரண்டு விரல்கள் முழுவதும் மடங்கவில்லை. பாலை இடது கையால்தான் ஊற்றுகிறாள்.