பின்சீட்டுக் கண்ணாடி

“உள்ளங்கையில திருநூறு வெச்சுட்டுப் பின்சீட்டுல உக்காந்தா, கோயமுத்தூர்ல இருந்து சத்தி வரைக்கும் ஒரு பொட்டுப் பறக்காது. அறுபதுல போனாலும் பறக்காது. பறந்துச்சுன்னா எம் மீசையை எடுத்துப்போடறேன்” என்றார் பாலுசாமி. மேற்கூரையே இல்லாத, 1934-ஆம் வருடத்துக் காரைப் பற்றித்தான் இந்தப் பேச்சு.

மனைவி சென்னியம்மாள் முந்தானையைக் கன்னத்தோடு இழுத்துப் பிடித்தபடி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மில்லில் பிட்டராக இருந்து ஓய்வுபெற்ற இந்த மனுஷன் பேச்சை எப்படிக் கேட்க வேண்டும் என்று சொந்தபந்தம் அத்தனைக்கும் அவள் சொல்லி வைத்திருந்தாள்: “பத்தால வகுத்துக்குங்க.”

பதினான்கு மாதமாக அவள் வாசலைத் தாண்டவில்லை. வலது கன்னத்தில் நரம்பு வலி. இலை அசையும் காற்றுப் பட்டாலே கரண்ட் அடித்ததுபோல் சுருண்டுவிடுவாள். கண்ணாடி ஏற்றிய காரிலாவது போகலாமென்றால், ஸ்கேன் எடுக்கக் குழாய்க்குள் படுக்க வைத்த நாளிலிருந்து மூடிய இடத்தில் மூச்சு முட்டிக் கதவைத் தட்டுகிறாள். சத்தியமங்கலத்தில் அக்கா பழனாத்தாள் படுத்த படுக்கை. போனில் தினமும் ஒரே கேள்விதான். “எப்ப சென்னி வர்றே?” அந்தக் குரல் நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டிருந்தது.

மாமனார் விட்டுப்போன அந்தத் திறந்த காரில், பின்சீட்டுக்குக் காற்று வராதபடி முன்சீட்டு முதுகின்மேல் இன்னொரு கண்ணாடியை நிறுத்தினார் பாலுசாமி. அவிநாசி ரோட்டில் முதல் ஓட்டம். மூன்றாவது கிலோமீட்டரில், பின்னால் உட்கார்ந்திருந்த சென்னியம்மாளிடமிருந்து ஒரு சத்தம். மனுஷச் சத்தமாகவே இல்லை. வீடு திரும்பும்போது வண்டி நடை வேகத்தைத் தாண்டவில்லை. பின்னால் மாட்டிய பஸ்களின் ஹாரன் ஊட்டிக்கே கேட்டிருக்கும். அந்தக் கதையை மட்டும் அவர் யாரிடமும் சொல்லவில்லை.

காருக்கு சீட் தைக்கும் கோட்டைமேடு சிக்கந்தர், ஒரு ஊதுபத்தியோடு பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். ஒரு சுற்றுப் போனதும் கத்தினார்.

“ஏனுங்ணா, புகை முன்னால போகுதுங்ணா! காத்து கண்ணாடிக்கு மேல ஏறிக் குதிச்சுப் பின்னால சுத்தி வந்து பிடரியில அடிக்குது. முன்வாசலைச் சாத்திட்டுப் புறவாசலைத் தொறந்து உட்டுட்டீங்க!”

கண்ணாடியின் இருபுறமும் சிறகுபோல் இரண்டு சின்னக் கண்ணாடிகள், மடிக்கு மேல் கேன்வாஸ் மூடாக்கு, தலைக்குப் பின்னால் நெருக்கமான வலை. எட்டாவது சுற்றில் புகை நேராக எழுந்து நின்றது.

“அந்த அலறலை இன்னொருக்கா என்னால கேக்க முடியாது பாய்” என்றார் பாலுசாமி. அவர் வாயிலிருந்து வகுக்கத் தேவையில்லாத ஒரு வாக்கியம் வந்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் காலை சென்னியம்மாள் திருநீற்றை மூடிய கைக்குள் வைத்துக்கொண்டு ஏறினாள். தூங்கும்போதும் பேசுகிற மனுஷன் அன்னூர் தாண்டியும் வாய் திறக்கவில்லை. பவானிப் பாலத்தில் ஆற்றுக் காற்று வண்டியையே தள்ளியது. பின்புறம் காட்டும் கண்ணாடியில் அவள் இடது கை கன்னத்துக்குப் போவது தெரிந்தது. கால் பிரேக்குக்குப் போனது.

“என்ன அம்மணி? வலிக்குதா?”

“ஒண்ணுமில்லீங்க. ஓட்டுங்க.”

வலித்தாலும் அவள் அதையேதான் சொல்வாள்.

கட்டிலில் கிடந்த பழனாத்தாள் பாதிக் கண்ணைத் திறந்து தங்கையின் முகத்தையே பார்த்தாள். கன்னத்தை மூடாமல் முந்தானை தோளில் கிடந்தது.

“உம் புருசன் போன்ல திருநூத்துக் கதை சொன்னாரு. நானும் பத்தால வகுத்துப்போட்டேன்.”

பாலுசாமி வாசற்படியிலேயே நின்றார். சென்னியம்மாள் வலது கையை விரித்தாள். ரேகைகளுக்கு நடுவே வெள்ளையாக, சின்னக் குவியலாக அப்படியே இருந்தது. ஒரு விரலால் தொட்டு அக்காவின் நெற்றியில் இழுத்தாள்.

“பாலத்துல கையைத் தொறந்துதான் வெச்சிருந்தேன். இதை மட்டும் வகுக்காதக்கா. பறக்கவே இல்லை.”